மாதாவும் கமீயும் ஒரே சனிக்கிழமை வந்தது பற்றி

லாசால், மொன்றியல்
14 ஒக்ரோபர் 2007

அன்புள்ள கிறகரி அண்ணைக்கு, தங்கை றெஜினா எழுதிக்கொள்வது.

அண்ணியும் மகள் அனோஜினியும் சுகம். எனக்கும் காய்ச்சல், தலையிடி ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான். கல்கரியில் இப்போதே பனி என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். இந்தக் கடிதத்தைக் கட்டடச் சாரத்தில் ஏறி நின்று வாசிக்க வேண்டாம்.

தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் உங்களோடு கதைக்கத் தொடங்கினால் அண்ணி சமையலை விட்டுவிட்டுக் குசினியில் இருக்கிற மற்றத் தொலைபேசியைத் தூக்கிவிடுவார்.

போன மாதம், "நீதானே கம்பஸ் முடிச்சனீ, போய் என்னெண்டு கேட்டுக்கொண்டு வா" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்கள். நான் படித்தது புள்ளிவிபரவியல். இருந்தாலும் ஆலோசகர் அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி வந்தேன். அனோ கெட்ட பிள்ளை இல்லை, ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் இருப்பதால் தன் முறை வரும்வரை காத்திருப்பது அவளுக்குக் கடினம், கூட்டத்தில் இன்னும் கடினம். ஆகவே ஒரு சிநேகிதி, ஒரு மணித்தியாலம், ஒரு விளையாட்டு, சத்தமில்லாத வீடு. இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இதை அண்ணிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "ஓம், ஓம், விளங்குது" என்றார்.

செப்ரெம்பரில் ஒரு பிறந்தநாள் வீட்டில், பிறந்தநாள்காரி மூச்செடுக்குமுன் அனோ மெழுகுதிரிகளை ஊதி அணைத்தது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு வகுப்பில் ஒருவரும் அவளைச் சேர்ப்பதில்லை. இடைவேளையில் வேலிக் கம்பிகளை எண்ணுகிறாளாம். நூற்றுப் பதினான்கு. மிச்சமிருந்தது பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் கமீய் ஒருத்திதான். அவளும் போனால் அந்த நூற்றுப் பதினான்கு கம்பிதான்.

அதனால் கமீயை நேற்று இரண்டு மணிக்கு அழைத்தோம். மணி கோத்துக் காப்புச் செய்வது என்று அனோவே தெரிந்தெடுத்தாள். ஒரு கிழமை முழுக்க நான் கமீயாக நடித்து, மணிகளை மாறி மாறி எடுக்கப் பழக்கினேன். "மாமி, கமீய் இவ்வளவு பயப்பட மாட்டா" என்று என்னைத் திருத்தினாள்.

கமீய் தனியாகப் படியேறி வந்தாள். பத்து நிமிடம் எல்லாம் ஆலோசகர் சொன்னபடி நடந்தது. பிறகு வாசல் மணி அடித்தது, நான் கதவைத் திறந்தேன், மாதா நின்றார். ஒக்ரோபரில் மாதாவின் சுரூபச் சிலை செபமாலை சொல்வதற்காக வீடு வீடாக வருவதும், எங்கள் முறை இருபத்தேழாம் திகதி என்பதும் எனக்குத் தெரியும்; கமீய் வரும் நாளுக்கு அண்ணி முறையை மாற்றியது தெரியாது. சுரூபத்தை ஏந்தியபடி, செபம் நடத்துகிற அருமைராசா அண்ணை, அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கப் பதினேழு பேர். "இண்டைக்கு ஏலாது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "வாங்கோ" என்றுதான் வந்தது. அண்ணியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டேன். "பிள்ளைக்கு ஒரு சிநேகிதி நிலைக்கவேணுமெண்டுதானே மாதாவையே கூப்பிட்டனான்? இந்தப் பொரிச்ச றோல்ஸைக் கொண்டுபோய் வை" என்றார். செபமாலையின் இரண்டாம் தேவஇரகசியத்தில் அனோ எழும்ப, மணிப்பெட்டி கவிழ, எண்ணூறு மணியும் முழந்தாளில் நின்றவர்களுக்குக் கீழே உருள, அருமைராசா அண்ணை "அருள் நிறைந்த ஐயோ" என்று கத்த, பிள்ளைகள் இரண்டும் நாலுகாலில் எல்லாருடைய சேலைகளுக்கும் நடுவே மணி பொறுக்கத் தொடங்கினார்கள். தடுக்கக் கூச்சம், தடுக்காமல் விடப் பயம். யன்னலால் பார்த்தால், இரண்டு மணிக்கே தெருவில் நான் கண்ட ஒரு சிவப்புக் கார் இன்னும் நிற்கிறது, எஞ்சின் நிற்பாட்டாமல், உள்ளே யாரோ எங்கள் வீட்டையே பார்த்தபடி. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டுபோகிற அரசாங்கக் கந்தோர்க்காரர்தான் என்று முடிவுகட்டினேன். திரும்பினால், கமீய் மாதாவுக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டாள்.

செபம் நின்றுவிட்டது. அனோ அவளுடைய தோளில் தட்டி, பிரெஞ்சில், "பரவாயில்லை, எனக்கும் அப்பிடித்தான் வாறது" என்றாள். எங்கள் பிள்ளைதான் பழக்கினாள் என்றல்லவா, அண்ணை, எல்லாரும் சொல்லப்போகிறார்கள்!

மூன்று மணிக்கு முடிய வேண்டியது மூன்றரையாயிற்று. கமீயின் தாய் கதவடிக்கு வந்தார். வெளிறிய முகம். பதினேழு பேரையும் பார்த்தார், மகள் கையிலிருந்த நாலாவது றோல்ஸைப் பார்த்தார், "மெர்சி" என்று மட்டும் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அனோ யன்னலடியில் நின்று கேட்டாள்: "மாமி, அவ இனி வருவாவா?" ஆலோசகர் சொன்னதை எழுதிய தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தது அண்ணை. பள்ளிக்கூடத்தை மாற்றுவோமா? நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளையை எப்படிப் பஸ்ஸில் ஏற்றுவேன்?

மாதா உங்களுக்கும் துணையாக இருக்கட்டும். எங்களிடம் வந்ததுபோல் கூட்டத்தோடு வேண்டாம். தனியாக வந்தால் போதும்.

அன்புத் தங்கை,
றெஜினா

பி.கு.: திங்கள் பின்னேரம். பள்ளிக்கூடம் மாற்றும் பேச்சை விட்டுவிடுங்கள். கமீயின் தாய் தொலைபேசி எடுத்தார். சிவப்புக் காரில் இருந்தது அவர்தானாம். கமீய்க்கும் அதே ஏ.டி.எச்.டி.யாம். எந்த வீட்டிலும் இருபது நிமிடத்தில் "வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்களாம். அந்த அழைப்புக்காகத்தான் எஞ்சினை நிற்பாட்டாமல் ஒன்றரை மணித்தியாலம் பயந்துகொண்டு இருந்தாராம். நாங்கள்தான் கூப்பிடாத முதல் வீடாம். வாற சனிக்கிழமை அனோவைத் தங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஒரு பிள்ளை, ஒரு மணித்தியாலம். அவர்களுடைய ஆலோசகரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம்.

இதை அண்ணியிடமும் சொன்னேன். இப்போது குசினித் தொலைபேசியில் அவர் கேட்பது காதில் விழுகிறது: "அருமைராசா அண்ணை, சனிக்கிழமைக்கு உங்கட வான் வண்டியில எத்தினை பேர் ஏறலாம்? மாதாவை நான் மடியில வைச்சிருப்பன்."

இது கிடைத்தவுடன் அண்ணிக்கு ஒரு தொலைபேசி எடுத்து நிற்பாட்டுங்கள். கடிதம் சனிக்கிழமைக்கு முன் உங்களிடம் சேர வேண்டுமென்று நானே இப்போது செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.