ஸ்ரீவித்யாவின் விரதம்

ராமநாதன் கை குலுக்க நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. ஸ்ரீவித்யா அவசரமாகக் கும்பிட்டாள்.

முடக்குவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. மாத்திரையின் புண்ணியத்தில் மாலைகள் அவளுடையவை. காலைகள் அப்படியல்ல. விரல்கள் மடங்காது; யாராவது அழுத்திப் பிடித்தால் உயிர் போய்விடும். பழைய கம்பெனியில் உண்மையைச் சொன்னாள். "ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகச் சொல்லியே வேலைகள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். புனேயில், ஹிஞ்சேவாடியில் இந்த வேலை கிடைத்ததும், இங்கே வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

"மன்னிக்கணும் சார். விரதம். யாரையும் தொடக்கூடாது."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ராமநாதனின் முகம் மலர்ந்தது. "அடடே! என்ன விரதம்மா?"

"கணபதி விரதம் சார்." மறுநாள் சதுர்த்தி என்பதால் அதுதான் வாயில் வந்தது.

கனமான பீங்கான் கோப்பையில் டீ வந்தது. தூக்கினால் கொட்டிவிடும்.

"டீ குடிக்க மாட்டேன் சார்."

"அப்ப சாப்பாடு?"

"அதுவும்தான்."

ஆனால் அவள் மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. எல்லோரும் டப்பாவைத் திறந்த நேரத்தில், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாழைப்பழத்தைப் பல்லால் உரித்தாள். அழுகை வந்தது. பழத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

வெளியே வந்தால், ராமநாதன் எல்லோர் முன்னாலும் அறிவித்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில ஆபீஸ்ல கணபதி உக்கார்றார். ஸ்ரீவித்யா கையாலதான் தேங்காய் உடைக்கணும்!"

அவளுடைய மேனேஜர் ஜெயந்த் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். தடுமாறும் தமிழில் குறுக்கிட்டான். "சார், நாரியல் நானே உடைக்கறேனே..."

"நீ விரதமா?"

"நஹி சார்."

"அப்ப சும்மா இரு."

மறுநாள் விடியலில் வெந்நீரில் கையை ஊறவைத்தாள். விரல்கள் அசைந்து கொடுக்கவில்லை. அலுவலகத்தில் ஆரத்தி முடிந்தது. ஜெயந்த் தேங்காயைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கைகளில் பூப்போல வைத்தான். கருங்கல்லின் முன் நின்றாள். ஓங்க முடியவில்லை. இனி மறைப்பதற்கில்லை. இந்த வேலையும் போனது போலத்தான்.

"சார், எனக்கு வந்து..."

சொல்லி முடிப்பதற்குள் தேங்காய் நழுவிக் கல்லில் விழுந்து, சரிபாதியாகப் பிளந்தது.

"கணபதி பப்பா!" என்று ராமநாதன் கத்த, "மோரியா!" என்று அலுவலகமே அதிர்ந்தது.

"பாத்தீங்களா பக்தியை! ஓங்கக்கூட இல்ல!"

ஸ்ரீவித்யாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொன்னவளுக்கும் பிள்ளையார் இரங்கிவிட்டாரே! அடுத்த வருடம் நிஜமாகவே விரதம் இருப்பதாக, கண்கலங்க வேண்டிக்கொண்டாள்.

பக்கத்து இருக்கைக் கோயமுத்தூர் பாமா மோதகத்தை நீட்டியபடி காதோடு சொன்னாள்:

"அக்கா, ஜெயந்த் சார் காலைல பார்க்கிங்ல அந்தத் தேங்காயைத் தட்டித் தட்டி விரிசல் விட்டுத்தானுங்க கொண்டு வந்தாரு. உங்க கைவலி எங்க எல்லாருக்குமே ரொம்ப நாளாத் தெரியுமுங்க, நீங்களாச் சொல்ற வரைக்கும் யாரும் கேக்கறதில்லைன்னு இருக்கறோம்."