கராஜ் ஃபிரிட்ஜும் நாற்பது டாலர் கல்லும்

முப்பத்தைந்து நாள். கல் விற்க வந்த டுவைட் பிரதர் கேட்டது அவ்வளவுதான். கல்லை ஃபிரிட்ஜின் தலையில் வையுங்கள், முப்பத்தைந்து நாள் சந்தேகப்படாதீர்கள், கரண்ட் பில் தானாகக் குறையும்.

கல் நீல நிறம், கோழிமுட்டை அளவு. சுப்பீரியர் ஏரியின் அடியிலிருந்து எடுத்ததாம். விலை நாற்பது டாலர். வாங்கியவர்கள் எல்லோரும் அந்த ஏரிக்கரையிலேயே பிறந்தவர்கள். பூட்ஸுக்குள் புகுந்த கல்லைத் திட்டிக்கொண்டே உதறிவிட்டு நடப்பவர்கள். அதே கல்லைத் தெற்கேயிருந்து ஒருவர் வந்து காட்டிவிட்டு, நீலத் துணியில் முடிந்து கொடுத்ததும், தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"முடிச்சை மட்டும் பிரிக்காதீங்க. பிரிச்சா சக்தி ஓடிடும்" என்றார் பிரதர்.

"எந்த ஃபிரிட்ஜ் மேல வைக்கணும், பிரதர்?"

"வீட்டுல எது பழசோ அது மேல. பழசுக்குத்தான் பசி அதிகம்."

மிச்சிகனின் அந்த வடகோடியில் பழைய ஃபிரிட்ஜை யாரும் தூக்கிப் போடுவதில்லை. சமையலறைக்குப் புதியது வந்தால் பழையது கராஜுக்குப் போகும். கீழே பீர், மேலே ஃபிரீசரில் மான் கறி. கல் வாங்கியவர்களில் ஒருவரான ரெய்னோவின் வீட்டு கராஜில் நின்றது அவர் மகள் அய்லியைவிட மூத்தது. ஓடத் தொடங்கும்போது ஒருமுறை இருமும்.

அய்லிக்கு ஊர் நூலகத்தில் வேலை. குரலும் நூலகத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். பிரதர் வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டிய அன்றே, நூலக அலமாரியில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சின்னப் பெட்டியை அவள் தன் பெயரில் இரவல் எடுத்தாள். சுவருக்கும் ஃபிரிட்ஜின் பிளக்குக்கும் நடுவே மாட்டினால், எத்தனை யூனிட் ஓடுகிறது என்று அது காட்டும்.

அக்டோபர் கடைசியில் கல் வந்தது. டிசம்பர் முதல் வாரம் பில் வந்தது. இருபத்திரண்டு டாலர் குறைவு!

"பாத்தியா! கல்லு வேலை செய்யுது!" ரெய்னோ பில்லை விசிறினார்.

"அப்பா, கராஜ்ல குளிரா இருக்குல்ல, அதனால..."

"கல்லு இருக்கறப்ப குளிராம பின்ன என்ன?"

ஒரே ஒரு சங்கடம். ஃபிரீசரில் இருந்த மான் கறி இளகி, கதவோரம் ரத்தம் சொட்டியது. ரெய்னோ பதறிப்போய்ப் பிரதருக்குப் போன் போட்டார். பதில் தயாராக இருந்தது. "அந்த மான் பயந்துகிட்டே செத்துருக்கு, பிரதர். கல்லு அந்தப் பயத்தை வெளிய இழுக்குது."

ரெய்னோவுக்கு நிம்மதி. ஆப்பிள் தின்றுகொண்டிருந்த மானை அவர்தான் சுட்டார். பயப்பட அதற்கு நேரமே இருந்திருக்காது. அது அவருக்கு நினைவு வரவில்லை.

அதே போனில் பிரதர் அடுத்த அருளையும் வழங்கினார். இந்த வட்டாரம் முழுக்கக் கல் விற்கும் உரிமை ரெய்னோவுக்கே. "பணம் வேண்டாம், பிரதர். உங்க டிரக் போதும்."

டிரக் என்றால் முன்னால் பனி தள்ளும் தகடு பூட்டிய டிரக். ஆலை மூடிய பிறகு, குளிர்காலம் முழுக்க ஊரார் வாசலில் பனி தள்ளித்தான் ரெய்னோ வீட்டில் அடுப்பு எரிகிறது. அய்லி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், ஊர் ஹாலில், எல்லோர் முன்னாலும் சாவி கைமாறுவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. மீன் வரிசையைவிடக் கல் வரிசை நீளம். வெந்நீர்த் தொட்டிக்கு இரண்டாவது கல் வேண்டுமாம். மேடையில் ரெய்னோ ஒரு கையில் பில்லும் ஒரு கையில் சாவியுமாக நின்றார்.

அய்லி எழுந்தாள். ஒரு கையில் அந்தப் பெட்டி. மறு கை கோட்டுப் பைக்குள்.

"ஒரு கேள்வி..."

"சத்தமா கேளும்மா, இது நூலகம் இல்ல" என்றார் பிரதர். ஹால் சிரித்தது.

"லெம்பி அத்தை, இந்த ஹால் ஃபிரிட்ஜ் மேலயும் கல்லு வாங்குன அன்னைக்கே வச்சீங்கல்ல?"

சமையலறைப் பொறுப்பாளர் லெம்பி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "வச்சேன். தூசி தட்டக்கூடத் தொடல."

"கல்லுக்கு முந்தி எத்தனை யூனிட் காட்டுச்சு?"

"ஒரு நாளைக்கு ரெண்டு. நீதானே இந்தப் பெட்டிய மாட்டி விட்ட?"

"இப்ப?"

"அதே ரெண்டு."

பிரதர் கனிவாகப் புன்னகைத்தார். "சமையலறையில நாலு பொம்பளைங்க, நாலு வாய். சந்தேகம் புகுந்திருக்கும்."

"என் வாயைப் பத்திப் பேசுனா உனக்கு மீன் கிடையாது" என்றார் லெம்பி.

அய்லி விடவில்லை. "சமையலறை சூடு. அங்க மோட்டார் ஓடியே ஆகணும். கராஜ் நவம்பர்லயே உறையுது. கீழ்த்தட்டு தானா குளிர்ந்து கிடந்தா மோட்டார் எதுக்கு ஓடணும்? நின்னுடும். பில் குறையும். மேல ஃபிரீசருக்கும் அதே மோட்டார்தான். அதான் கறி உருகுது."

"என் வீட்லயும் உருகுச்சு" என்றது ஒரு குரல். "எங்க வீட்லயும்." "எங்க வீட்லயும்தான்."

"அப்ப ஊர்ல அத்தனை மானும் பயந்துகிட்டா செத்துச்சு?" என்றார் லெம்பி.

பிரதர் கையை உயர்த்தினார். "குளிரு வருஷா வருஷம் வருது. போன நவம்பர்ல உங்க பில் குறைஞ்சுதா?"

போன நவம்பர் பில்லை யார் பார்த்தார்கள்? பார்த்திருந்தால் நாற்பது டாலர் மிஞ்சியிருக்கும்.

பிரதருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நம்பிக்கை உள்ள வீட்டைக் கேளுங்க! ரெய்னோ பிரதர், முப்பத்தஞ்சு நாளும் கல்லு உங்க ஃபிரிட்ஜ் மேலேயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முடிச்சைப் பிரிச்சீங்களா?"

"பிரிப்பேனா? தினம் காலைல தொப்பியக் கழட்டி வணக்கம் சொல்லிட்டுத்தான் பீரே எடுப்பேன்."

"கேட்டீங்களா? இருபத்திரண்டு டாலர்! அந்தத் துணிக்குள்ள இருக்கறதோட சக்தி! அதை யாராலயும் மறுக்க முடியாது!"

"நானும் மறுக்கல" என்றாள் அய்லி. கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தாள். கையில் இருந்ததை மேசைமேல் வைத்தாள். நீல நிறம், கோழிமுட்டை அளவு.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"முதல் நாளே முடிச்சைப் பிரிச்சு எடுத்துட்டேன். சாவியப் பைக்குள்ள போடுங்கப்பா. யோசிக்க ஒரு யூனிட்கூட செலவாகாது. முப்பத்தஞ்சு நாளா நீங்க தொப்பியக் கழட்டினது உருளைக்கிழங்குக்கு."