ஆடாத குழாய்

கடலுக்கடியில் கிடக்கும் எரிவாயுக் குழாய், நீரோட்டம் மோதும்போது ஏன் அதிர்கிறது, எவ்வளவு அதிர்ந்தால் விரிசல் விடும் என்று கண்டறிய ஓர் ஆராய்ச்சி மாணவி மூன்று வருடம் உழைத்தாள். பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நீளமான நீர்த்தொட்டி. அதன் நடுவே ஸ்பிரிங்குகளில் பிடித்த ஒரு குழாய். ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் ஓடியது. குழாய் தடதடவென்று ஆடியது. மகிழ்ச்சியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பராமரிப்பு அதிகாரி வருடாந்தர ஆய்வுக்கு வந்தார்.

"என்னம்மா, ஆடுது?"

"ஆடணும் சார். அதுக்குத்தான் மூணு வருஷமாப் பாடுபட்டேன்."

"மூணு வருஷமா ஒரு புகார்கூட எழுதித் தரலையே."

மறுநாள் காலை வந்து பார்த்தால், குழாயை நான்கு இரும்புக் கிளாம்புகள் இறுகப் பிடித்திருந்தன. பச்சை பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினாள், குழாய் அசையவில்லை. நேரே அதிகாரியிடம் ஓடினாள்.

"கிளாம்பைக் கழட்டணும் சார்."

"பழுது பார்க்க விண்ணப்பம் இருக்கு. பார்த்த பழுதைத் திரும்ப உண்டாக்க விண்ணப்பம் கிடையாதும்மா."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஓய்வுபெற இரண்டு மாதம்தான் இருந்தது. "தலைப்பை மாத்திடும்மா. 'அதிர்வை அறவே ஒழித்தல்'னு வை," என்றார்.

வைத்தாள். நானூறு பக்கத்திலும் அதிர்வு பூஜ்யம். தேர்வுக் குழு மெய்ம்மறந்து பாராட்டி டாக்டர் பட்டம் கொடுத்தது. எரிவாயு நிறுவனம் அந்த ஆய்வின்படி கடலடியில் குழாய் போட்டுவிட்டு, அவளை அழைத்து அதிர்வுப் பிரிவின் தலைவியாக்கியது.

வேலையில் சேர்ந்த வாரமே கடலடிக் கருவிகள் எச்சரிக்கை அனுப்பின. அவள் பதறிப்போய் இயக்குநரிடம் சென்றாள்.

"சார், குழாய் ஆடுது. வாயுவை நிறுத்தணும்."

"டாக்டரம்மா, உங்க ஆய்வை நம்பித்தானே குழாயே போட்டோம். அது தப்புன்னு எழுதிக் கொடுக்கறீங்களா?"

அவள் பேனாவைத் திறந்தாள். கருவிகள் மிகையுணர்ச்சியால் பாதிக்கப்பட்டுள்ளன, அவற்றின் இணைப்பைத் துண்டிப்பதே பாதுகாப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் மறுநாள் பத்திரிகையில் விவரமாகவே வந்தது. அந்தக் குழாயில் வரும் வாயுவில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. செய்தியைப் படித்துக்கொண்டே நாம் அதில் காப்பி போட்டுக் குடித்தோம்.