சட்டைப் பையில் சொலூஷன் டியூபு

“தூக்கிப் போட்றாதீங்க, நான் ஒட்டித் தரேன்” என்று சொல்கிறவர்கள் ஒரு தனி இனம் ஐயா! நாமெல்லாம் பேனா செருகும் இடத்தில் இவர்கள் பைப்பு ஒட்டும் சொலூஷன் டியூபைச் செருகியிருப்பார்கள். உங்கள் வாளியில் விரிசல் என்று நீங்கள் மனைவியிடம் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் சோப்பு டப்பாவைக்கூட ஒருவர் ஒட்டித் தந்தார். கச்சிதமான வேலை, மூடியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே சோப்பு பத்திரமாக இருக்கிறது, குலுக்கினால் சத்தம் கேட்கும்.

அந்த ஒருவர் எங்கள் விருத்தாசலத்துக் கொளஞ்சிநாதன். பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டியவர். பச்சை மண்ணில் கீறல் போட்டு, ஈரம் தொட்டு, களிமண் குழம்பைத் தடவி அழுத்தினாரென்றால் அசையாது. யார் இல்லை என்றார்கள்? ஆனால் பிளாஸ்டிக் பைப்பு களிமண்ணா? அதற்கு ஈரமே ஆகாதே!

போன தை மாதம் பக்கத்து வீட்டுச் செல்வநாயகியின் மகள் வெண்பாவுக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போன வீடு. இதுவாவது நல்லபடியாக முடியவேண்டுமே என்று அந்தம்மா வேண்டாத தெய்வமில்லை. பத்து மணிக்குத் திட்டக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வரவேண்டும். ஏழு மணிக்கு டேங்க்குக்கு அடியில் பைப்பு கழன்றுகொண்டது. வால்வை மூடிவிட்டு பிளம்பருக்குப் போன் போட்டார்கள். ஒன்பதுக்கு வருகிறேன் என்றார்.

“அவன் வந்து என்னம்மா பண்ணப் போறான்? ஒட்டத்தானே போறான்?” என்று நம்மவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வேணாங்கண்ணே, பிளம்பரே வரட்டுங்க.”

யார் கேட்டார்கள்? பைப்பைக் கத்தியால் கீறினார். ஒரு சொம்புத் தண்ணீரில் நன்றாக நனைத்தார். “ஈரமில்லாம எதும்மா ஒட்டும்?” சொலூஷனைத் தடவி அழுத்தினார். வால்வைத் திறந்துவிட்டு, மிச்சமிருந்த சொலூஷனை வீணாக்குவானேன் என்று வால்வின் கழுத்திலும் ஊற்றினார். “இதுக்கும் கொஞ்சம் பெலம் வேணுமில்ல?”

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஒட்டிய இடம் படாரென்று பிய்த்துக்கொண்டது. வால்வை மூட ஓடினார்கள். அதுவோ இந்த ஜன்மத்தில் திரும்பமாட்டேன் என்று ஒட்டிக்கிடந்தது. டேங்க்குத் தண்ணீர் முழுக்கப் பந்தலுக்குள் பாய்ந்தது. பாவாடை என்கிற சமையல்காரர், களையாத அரிசியோடு வந்து, “தண்ணி எங்கம்மா?” என்றார். செல்வநாயகி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து, பிளம்பருக்கும் முந்தி, வேன் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மாயவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சேற்றைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே நாங்களெல்லாம் முடிவுகட்டிவிட்டோம். அவர் மெல்லச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு டியூபை எடுத்தார்.

“நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க. ஈரம் பத்தலைங்க!”

இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக் குந்திவிட்டார்கள். கேன் தண்ணீரில் சமைத்து, நிச்சயமும் முடிந்தது. “ஏம்மா, இந்த வூட்டுக்கா என்னை அனுப்பப் போற?” என்று வெண்பா மட்டும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில், மூடி இறுகிப்போன பழைய டியூபு ஒன்று கிடக்கிறதே, அதை உங்கள் மனைவி குப்பையில் போட எடுத்தபோது என்ன சொல்லிப் பிடுங்கினீர்கள்?