சந்தேகப் பெட்டியில் நான்கு நாள் கிடந்த அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் பயமும் கலந்த அக்கா அவர்களுக்கு,

தங்கள் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பளவில் நலம். மனசைப் பற்றிக் கேட்க வேண்டாம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. 'தங்கள்' என்றெல்லாம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. பயத்தில் வந்த மரியாதை, நாலு வரி தாண்டினால் தானாக இறங்கிவிடும். இறங்கிவிட்டது பார்.

புதன்கிழமை முழங்கால் ஆபரேஷன், கூட இருக்க ஆளில்லை, வா என்று நீ மெயில் அனுப்பினாய். அதற்கு நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பதில் அனுப்பினேன். அந்த மூன்றுக்கும் நீ எழுதிய விடைகளை நேற்றுத்தான் படித்தேன். கடைசியில் 'நீ வர வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஒருவன் சொந்த அக்காவைப் பார்த்து 'நீ யார்?' என்று எப்படிக் கேட்பான் என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். முதலிலிருந்து சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு படி.

எங்கள் கம்பெனி லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி என்பதும், இருபத்தாறு வருஷமாக அங்கே புகார்களை வாங்கிப் பதிவு செய்யும் வேலை எனக்கு என்பதும் உனக்குத் தெரியும். என் நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை என்பதும் தெரியும், ஆறு வருஷமாகப் புலம்புகிறேன். நாலு மாதம் முன்னால் ஒரு மெயில் வந்தது: 'உங்கள் புதிய நாற்காலி தயார். நிறத்தைத் தேர்வு செய்ய இங்கே அழுத்தவும்.' அழுத்தினேன். நீலம் என்றும் எழுதினேன். அது நாற்காலி இல்லை, பரீட்சை. போலி மெயிலுக்கு யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷன் அம்மாவே அனுப்பிய பொய் மெயில். எழுபது பேரில் நான்தான் முதலில் அழுத்தியவன், நாலே விநாடியில். அந்த அம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். எங்கள் இடம் முழுக்க அவளை 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் சொல்வோம். என் மேஜைக்கே வந்து, "சார், நாலு செகண்டுல அழுத்திட்டீங்களே, படிக்கவாவது செஞ்சீங்களா?" என்று கேட்டாள். "படிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு, நாற்காலின்னு போட்டிருந்துச்சு" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

ஏமாந்தவனையே காவலுக்குப் போட்டால் புத்தி வரும் என்று யார் சொன்னார்களோ, அடுத்த நாளே என்னைச் சந்தேக மெயில் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். சம்பளம் கூடவில்லை, நாற்காலியும் மாறவில்லை. மூன்று நாள் பயிற்சி. பிறகு ஐந்து விதிகள் அச்சடித்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மெயில் உன்னை அவசரப்படுத்துகிறதா என்று பார். அனுப்பிய முகவரி பழகியதா என்று பார். பயமோ ஆசையோ காட்டி மனசைக் கலக்குகிறதா என்று பார். யாரிடமும் சொல்லாதே என்கிறதா என்று பார். இந்த நாலில் எது இருந்தாலும், ஐந்தாவதாக, அனுப்பியவர் என்று சொல்லப்படுகிறவரிடம் நேரில் போய்க் கேள், இல்லை பழைய எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேள். இந்த ஐந்தாவதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள், கடைசியில் வரும்.

முதல் மாதமே ஒன்றைப் பிடித்தேன். எங்கள் மேனேஜரை 'இடி' என்று சொல்வோமே, அவர் பெயரில் எல்லாருக்கும் ஒரு மெயில். 'அன்பான சகோதர சகோதரிகளே, தயவுகூர்ந்து உங்கள் பாஸ்வேர்டுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' முகவரியைக்கூட நான் பார்க்கவில்லை. இடி இருபது வருஷத்தில் ஒருவரிடமும் தயவுகூர்ந்தது கிடையாது. மன்னிக்கவும் என்ற வார்த்தையை அவர் வாயில் கேட்டவன் எங்கள் கட்டிடத்திலேயே இல்லை. "போலி!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். விசாரித்தார்கள், போலிதான். எழுபது பேரின் பாஸ்வேர்டையும் காப்பாற்றினேன் என்று கைதட்டினார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை அக்கா. மரியாதையாக எழுதினால் போலி என்று எனக்கு நானே ஆறாவது விதி ஒன்றை எழுதிக்கொண்டேன். அந்த விதிதான் பின்னால் என் வாயில் மண்ணைப் போட்டது.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் சந்தேகம். ஒருநாள் ஒரு மெயில்: 'மிக அவசரம். தயவுசெய்து உடனே ஆள் அனுப்பவும். லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஆறு பேர் உள்ளே இருக்கிறோம்.' அவசரம் இருக்கிறது, பழகாத முகவரி, பயம் காட்டுகிறது, தயவுசெய்து வேறு. ஆஹா, மாட்டினாய் என்று நினைத்துக்கொண்டு, 'உங்கள் லிஃப்ட்டின் பதிவு எண்ணைத் தெரிவிக்கவும்' என்று கேட்டேன். 'பதிவு எண் வெளியே ஒட்டியிருக்கிறது. நாங்கள் உள்ளே இருக்கிறோம்' என்று பதில் வந்தது. கில்லாடிகள், சாமர்த்தியமாகத் தப்பிக்கிறார்கள் என்று அதைச் சந்தேகப் பெட்டிக்குத் தள்ளிவிட்டேன். சந்தேகப் பெட்டி என்றால், நான் தள்ளும் மெயில்கள் போய் விழும் இடம். வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து பார்ப்பேன். நல்லவேளை, அவர்களில் ஒருவர் கத்திக் கத்தி வாட்ச்மேனுக்குக் கேட்டுவிட்டது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் உள்ளேயே நின்றிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் பல் டாக்டராம். மரத்துப்போன வாயைத் திறந்தபடி அவருடைய நோயாளி ஐந்தாம் மாடியில் காத்திருந்தாராம். இடி என்னைக் கூப்பிட்டார். "யோவ், லிஃப்டுல மாட்டினவன் நிதானமா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டா மெயில் எழுதுவான்?" என்றார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அன்றிலிருந்து அவர் அறைப்பக்கம் போக வேண்டுமென்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா? போன திங்கட்கிழமை உன் மெயில் வந்தது. 'அன்புள்ள தம்பிக்கு, நலமா. அடுத்த வாரம் புதன்கிழமை முழங்காலில் ஆபரேஷன். உன் அத்தான் கப்பலில் இருக்கிறார், சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார், அவரிடம் சொல்ல வேண்டாம். கொஞ்சம் பயமாக இருக்கிறது. தயவுசெய்து உடனே பதில் போடவும்.' நீயே சொல் அக்கா. அவசரம் இருக்கிறது. பயம் இருக்கிறது. சொல்லாதே என்கிறது. பழைய பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் புதிய முகவரியிலிருந்து வேறு அனுப்பியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலே, தயவுசெய்து! என் அக்கா என்னை 'டேய் தடியா' என்று கூப்பிடாமல் ஒரு வரி எழுதியவளா? நீ எழுதவில்லை, உன் பெயரில் எவனோ எழுதுகிறான் என்று எனக்கு அப்படி ஒரு கோபம். உன் முகவரியைத் தடை செய்தேன். அதற்கு முன்னால் கேள்விகளையும் அனுப்பினேன்: என்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், என் முன்பல் எப்படி உடைந்தது, நாம் கடைசியாக எப்போது பேசினோம்.

நாலு நாள் உன் பதில் சந்தேகப் பெட்டியில் கிடந்தது. நேற்று வெள்ளிக்கிழமை என்பதால் திறந்தேன். 'ஒன்று: தடியா. இரண்டு: நான்தான் ஸ்கேலால் அடித்து உடைத்தேன், மிச்சத்தையும் உடைக்கும் ஆசை இப்போது வருகிறது. மூன்று: இரண்டு வருஷம் ஐந்து மாதம். நீ வர வேண்டாம்.'

அந்த மூன்றாவது விடைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். கடைசியாக நாம் பேசிய அன்று, உன் கால்வலி பற்றி, அத்தான் வராதது பற்றி, வீட்டில் தனியாக இருப்பது பற்றி நீ சொல்லிக்கொண்டே போனாய். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் புகார்களைப் பதிந்துகொண்டே 'ம்' போட்டுக்கொண்டிருந்தேன். நீ திடீரென்று "வீட்டுக்குத் தீ வச்சுட்டேன்டா" என்றாய். நான் "ம், சரிக்கா" என்றேன். "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று வைத்துவிட்டாய். யோசித்துப் பார்த்தால், எனக்கு முதல் பரீட்சை வைத்தது இன்ஸ்பெக்டரம்மா இல்லை, நீதான். அதிலும் தோற்றேன்.

ஐந்தாவது விதியை ஞாபகம் வைத்துக்கொள் என்றேனே. உன் மெயில் வந்த அன்றைக்கே பழைய எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். முகவரியை ஆராய்ந்தேன், எழுத்தை ஆராய்ந்தேன், எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்றுகூட ஆராய்ந்தேன். போனை மட்டும் எடுக்கவில்லை. போலி என்று நம்பியதால் இல்லை அக்கா. நீதான் எடுப்பாய் என்று தெரிந்ததால். நீ எடுத்து, "யாரு?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன்?

சரி, நடந்தது நடந்துவிட்டது. நல்ல சேதி ஒன்று இருக்கிறது. நேற்றுச் சாயங்காலமே லீவுக்கு எழுதிப் போட்டேன். இன்று காலையிலேயே இடியிடமிருந்து மெயில்: 'உங்கள் விடுமுறை அனுமதிக்கப்பட்டது. குடும்பம்தான் முக்கியம். உறுதி செய்ய இங்கே அழுத்தவும்.' மனிதர் எவ்வளவு மாறிவிட்டார்! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே அழுத்தினேன். செவ்வாய்க்கிழமை காலை உன் வாசலில் நிற்பேன், பத்து நாள் இருப்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் படியிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு உட்கார எந்த நாற்காலியும் போதும், பழகிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து, நீ பழையபடி மாடிப்படி ஏறி இறங்கி எல்லாரையும் விரட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அத்தானுக்கு என் அன்பு. ஆனால் எழுதும்போது எதையும் உளறிவிடாதே.

இப்படிக்கு,
சோதித்துப் பார்த்தாலும் தேறுகிற உன் சொந்தத் தம்பி,
தடியன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மா ஒரு பட்டியலோடு வந்து நின்றாள். அந்த லீவு மெயில் பரீட்சையாம். பதினோரு பேர் அழுத்தியிருக்கிறோம், இந்தத் தடவையும் நான்தான் முதல். "சார், நீங்களேவா? மேனேஜர் ரூம் இங்கருந்து பதினாலு அடிதான். ஒரு வார்த்தை போய்க் கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அவள் திட்டவில்லை. பாவம், களைத்துப்போயிருந்தாள். ஆக, மேலே எழுதியிருக்கும் லீவு பொய், இடி மாறியது பொய், என் கண்ணீர் வீண். வெறுத்துப்போய் எழுந்து அந்தப் பதினாலு அடியையும் நடந்தேன். "அக்காவுக்கு ஆபரேஷன் சார். நீங்க விட்டாலும் போவேன், விடலைன்னாலும் போவேன்" என்றேன். "போய்யா! அதுக்கு எதுக்குய்யா மெயிலு? எந்திரிச்சு வந்து வாயால சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கத்தினார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அசல்தான். பத்து நாள் கொடுத்துவிட்டார்.

அந்தத் தைரியம் ஆறுவதற்குள் உன் பழைய எண்ணுக்குப் போன் போட்டேன். நீ "யாரு?" என்று கேட்கவில்லை. "டேய் தடியா" என்று ஆரம்பித்து, நான் இந்தக் கடிதத்தில் எழுதிய ஒன்றையும் சொல்லவிடாமல் இருபது நிமிஷம் திட்டினாய். இதற்கு மேல் இந்தக் கடிதம் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, எழுதிவிட்டதால் அனுப்புகிறேன். இந்த முறை எதையும் தவறவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஒரு 'ம்' கூடப் போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நீதான் நடுவில் நிறுத்தி, "டேய், லைன்ல இருக்கியா, போயிட்டியா?" என்றாய். "இருக்கேன்க்கா." "அப்போ ஒரு 'ம்' போடேன்டா! செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு." போட்டேன்.