நெடியே வரலைங்க மாப்ள!

பேய்க்கதை எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் இந்த உலகத்தில் கிடையாது. கரண்ட் போனால் மனைவியை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு பாத்ரூம் போகிற ஆள் நான். ஆனால் அறுபது பேய் எழுத்தாளர்கள் பட்டப்பகலில் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிய கதையைச் சொல்லப்போகிறவனும் நான்தான். ஓடவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

புனே பக்கம் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் கூடத்துக்குக் காற்றோட்டம் பார்க்கும் இன்ஜினியர் நான். கெட்ட காற்று எங்கே போகிறது, நல்ல காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். (இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.) ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகுர்டி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து தமிழில் பேய்க்கதை எழுதுவேன். என் மனைவி சுமதி முதல் பக்கம் படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லித் தன் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள்.

என் மாமியார் அப்படியெல்லாம் பொய் சொல்ல மாட்டார். பொள்ளாச்சியிலிருந்து இரண்டு மாதம் தங்கிப்போக வந்திருந்தவர், நான் எழுத உட்கார்ந்தாலே தலையில் அடித்துக்கொள்வார். "ஏனுங் மாப்ள, அது பாட்டுக்கு எங்கியோ இருக்கற பேயை எதுக்குங்க வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடறீங்க?" என்பார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அத்தை என்னைப் பாராட்டியது ஒரே ஒருமுறை. ஒரு தேங்காயைச் சரிபாதியாக உடைத்ததற்கு.

இந்த நிலையில்தான், இந்திய மொழிகளில் திகில் கதை எழுதுகிறவர்களுக்கான விருதுக்கு என் கதை இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. பழைய மும்பை நெடுஞ்சாலையோரம் ஒரு ஹோட்டலில் சனி, ஞாயிறு இரண்டு நாள் விழா. குடும்பத்தோடு வரலாம், அறை இலவசம். தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொன்னேன். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் உண்மையில் எனக்கு விருதைவிட அத்தை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைதான் வேண்டியிருந்தது. எட்டு வருடப் பசி அது.

சனிக்கிழமை காலை, இறுதிச் சுற்றுக்காரர்கள் கதையை மேடையில் வாசிக்க வேண்டும். ஹிந்தி அல்லது இங்கிலீஷ். கசார்வாடியில் மூடிக்கிடக்கும் பட்டறை ஒன்றில் தானாக ஓடும் லேத் மெஷினைப் பற்றிய என் கதையைத் தொழிற்சாலை நண்பர் ஒருவர் ஹிந்தியில் எழுதிக் கொடுத்திருந்தார். பிரச்சினை என்னவென்றால், நான் ஹிந்தி பேசுவேன், சண்டைகூடப் போடுவேன், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பேருந்துப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடும்.

மேடையேறினேன். முதல் சொல்லைப் படித்தேன். இரண்டாவது சொல்லில் கூட்டெழுத்து ஒன்று வந்தது. அதை உற்றுப் பார்த்தேன். சபை அமைதியானது. எனக்கு வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சொல்லை முணுமுணுத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் நுழையாத எழுத்து வந்தபோதெல்லாம் நான் விழித்த விழியைப் பார்த்து, லேத் மெஷின் பேய் என் பின்னால்தான் நிற்கிறது என்று சபை நம்பிவிட்டது. ஐந்து நிமிடக் கதையைப் பதினெட்டு நிமிடம் வாசித்தேன். முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நடுவர் குழுத் தலைவர் குமுதினி தாயி, எழுபது வயது மராத்தி எழுத்தாளர், நாற்பது பேய் நாவல் எழுதியவர். (தாயி என்றால் மராத்தியில் அக்கா.) அவரே எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "அந்த மௌனம்! அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"எல்லாம் பயிற்சிதான்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

அறைக்குத் திரும்பியபோது, சுமதியோடு சபையில் உட்கார்ந்து பார்த்திருந்த அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மாப்ள, இத்தன பேரு எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்களே! நாந்தானுங்க உங்களச் சாதாரணமா நெனச்சுப்போட்டேன்" என்றார். அடுத்த வாக்கியம் உடனே வந்தது. "எத்தன கண்ணு பட்டிருக்கும்! கெழக்க பாத்து உக்காருங்க, சுத்திப் போட்டர்றேன்."

"அம்மா, திருஷ்டி செவ்வா வெள்ளிதானே சுத்துவாங்க?" என்றாள் சுமதி.

"பட்ட கண்ணு வெள்ளிக்கெழம வரைக்கும் சும்மா இருக்குமா அம்மிணி? நாளைக்கு விருதுல்ல!"

அத்தையின் பையில் மாற்றுச் சேலை இருக்குமோ இருக்காதோ, சூடம், கல்லுப்பு, கடுகு, காய்ந்த மிளகாய், தாளிப்புக் கரண்டி எல்லாம் இருக்கும். சுமதி கூரையைக் காட்டினாள். புகை வந்தால் அலறும் கருவி ஒன்று அங்கே சிவப்பாகக் கண் சிமிட்டியது. இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான். "பாத்ரூமுக்குள் வைத்துக்கொள்ளலாம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டால் புகை மொத்தமும் வெளியே போய்விடும்" என்றேன். அத்தை என்னை மெச்சிப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டாவது முறை!

மூடிய கழிப்பறைத் தொட்டி மேல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். அத்தை மூன்று சுற்று சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, கரண்டியில் எரிந்த சூடத்தின் மேல் மிளகாயைப் போட்டார். எல்லோரும் இருமத் தயாரானோம். ஒன்றுமே வரவில்லை.

மிளகாய் கருகி நெடி வந்தால் திருஷ்டி இல்லை, வராவிட்டால் ஏகப்பட்ட திருஷ்டி. எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"பாத்தீங்ளா! நெடியே வரலைங்க மாப்ள! எவ்வளவு கண்ணு!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

நெடி ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? தலைக்கு மேல் ஃபேன் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆனால் கைதட்டல் கேட்ட காதுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. அத்தனை பேர் பொறாமைப்படும் எழுத்தாளன் என்ற எண்ணம் இனித்தது. "இன்னொரு தடவை பார்க்கலாமா அத்தை?" என்று நானேதான் கேட்டேன்.

இரண்டாம் முறை ஒரு கைப்பிடி. நெடி இல்லை. "அந்த மராட்டியம்மா கண்ணுதானுங்க பெருசு" என்றார் அத்தை. மூன்றாம் முறை பொட்டலத்தையே கவிழ்த்தார். அப்போதும் நெடி இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே நேரத்தில் கீழே அரங்கில் நடந்ததை, பிறகு பலர் அழுதுகொண்டே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குமுதினி தாயி தன் புதிய கதையை வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி வந்து ஆட்களின் கழுத்தைப் பிடிக்கும் கட்டம். அந்த வரியை அவர் படித்தபோது கடைசி வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு அந்த வரிசையே இருமியது. கண்ணில் நீர் கொட்டியது. ஏதோ புதுமையான ஏற்பாடு என்று நினைத்துச் சிலர் கைகூடத் தட்டினார்கள். பிறகு தாயிக்கே குரல் அடைத்தது. அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேடையில் சாய்ந்ததும் யாரோ, "பூத்! பூத்!" (பேய்! பேய்!) என்று அலற, அறுபது பேரும் கதவைப் பார்த்து ஓடினார்கள். ரத்தக் காட்டேரி பற்றித் தொடர்கதை எழுதும் ஒருவர் ஜன்னல் வழியாகக் குதித்து அல்லிக்குளத்தில் விழுந்தார்.

சத்தம் எங்களுக்கும் கேட்டது. "இன்னும் உங்களுக்குத்தான் தட்டறாங்களாட்ட இருக்குது" என்றார் அத்தை. நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

புல்தரையில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்கள். தாயியை நாற்காலியில் உட்காரவைத்து விசிறினார்கள். ஒருவர் இந்த ஹோட்டல் சுடுகாட்டின் மேல் கட்டியது என்றார். இன்னொருவர் தன் கழுத்தில் விரல்கள் பட்டதாகச் சத்தியம் செய்தார். எனக்கு அவர்கள் துணியிலிருந்து வந்த வாசனை மூக்கில் ஏறியது. பொள்ளாச்சி மிளகாய்! அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பாத்ரூம் காற்று வெளியேறும் துவாரத்துக்கு நேர் கீழே, அரங்கத்துக்குக் காற்றை இழுக்கும் பெட்டி இருந்தது. என் பிழைப்பே அதைப் பார்ப்பதுதான்.

நேர்மையான மனிதன் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பான். நான், "எனக்கும் மேலே ஏதோ குளிர்ச்சியாக உரசியது போல இருந்தது" என்றேன்.

மேனேஜர் போலீசைக் கூப்பிடவா, பூசாரியைக் கூப்பிடவா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அத்தை வந்தார். கையில் புகைந்துகொண்டிருக்கும் கரண்டி. சுற்றிப்போட்ட சாம்பலை முச்சந்தியில் கொட்ட வேண்டும், போகும்போது யாரிடமும் பேசக்கூடாது, கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது. வாசல் பாதையும் கார் நிறுத்தப் போகும் பாதையும் பிரியும் இடம்தான் அந்த ஹோட்டலில் முச்சந்தி. அங்கேதான் குமுதினி தாயியின் நாற்காலி இருந்தது.

அத்தை நேராக நடந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. "மேடம்! மேடம்!" என்று மேனேஜர் பின்னால் ஓடினார். அத்தை திரும்பவில்லை. கருகிய மிளகாயை நடுவர் குழுத் தலைவரின் காலடியில் கொட்டினார். வந்த வழியே போனார். மேனேஜர், "யார் இந்த அம்மா? யாரோடு வந்தவர்?" என்று ஹிந்தியில் கத்தினார். நான் ஒரு செம்பருத்திச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அத்தைக்குப் பின்னாலேயே வந்திருந்த சுமதி என்னைக் கைகாட்டினாள்.

தாயி குனிந்து சாம்பலைப் பார்த்தார். உப்பு, கடுகு, மிளகாய். மராத்தி வீடுகளிலும் இது உண்டு. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "த்ருஷ்ட காட்லீ!" (திருஷ்டி கழித்திருக்கிறார்கள்!) என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் மேடையில் அவர் அறிவித்தது இதுதான்: "நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆயிரம் பேய்களை எழுதியிருக்கிறோம். ஒரு ஆளும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியதில்லை. இந்த ஆண்டு இந்த அரங்கத்தை உண்மையாகவே பயமுறுத்தியவர் ஒருவர்தான்." விருது அத்தைக்கு. நடுவர் குழு ஏகமனதாக முடிவு செய்ததாம். என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. மண்டையோடு பதித்த கேடயத்தை அத்தை சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு பவ்யமாக வாங்கினார். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். வயிறு எரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போதும் எங்கள் வீட்டில் தாளிக்கும்போது மிளகாய் கருகி யாராவது இருமினால், "யாருக்கோ விருது குடுக்கறாங்க" என்பாள் சுமதி. ஒவ்வொரு வருடமும் விழாக்காரர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அத்தை வருவாரா என்று கேட்கிறார்கள்.

கேடயம் பொள்ளாச்சியில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் பற்றி விசாரித்தார். அத்தை முழுக் கதையையும் சொல்லி முடித்தார். பிறகு ஓரமாக உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, என்னையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னார்:

"மாப்ளையும் எழுதறாருங்க."