ஹார்லன் சீட்டுக் கற்பித்த படலம்

வாழ்க! பருத்தி வெடித்து வெண்கடலாய் விரியும் மேற்கு டெக்சாஸ் திருநாட்டில், டிராக்டர்ப் பிணி தீர்ப்போன், தொப்பி கழற்றாத் தலையோன், வியாழன்தோறும் முடிதிருத்தகப் பின்னறையில் கூடும் போக்கர் மேசையை இருபதாண்டு அசையாது ஆண்ட ஹார்லன் டிட்வெல் வாழ்க! பெண்டிர் எவரும் அமர்ந்தறியா அம்மேசையில் தானும் அமர்வேன் என்று அவன் மனையாள் லோரெட்டா, வெங்காயம் அரிந்த கத்தியைக் கீழே வையாமலே சூளுரைத்தாள்.

"முதல்ல என்னை ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் ஹார்லன்.

ஞாயிறு நண்பகலில் சமையலறை மேசை போர்க்களமாயிற்று. பந்தயம் வைக்க ஆளுக்கு இருபது பயறு படை. ஆசான் போர்விதி அருளினான்.

"ஆளுக்கு அஞ்சு சீட்டு. பிடிக்காததை ஒரு தடவை மாத்திக்கலாம். ஒண்ணுமில்லாததை ஜோடி அடிக்கும். ஜோடியை ரெண்டு ஜோடி அடிக்கும். அதை ஒரே நம்பர் மூணு அடிக்கும். அஞ்சும் ஒரே இனமா, எல்லாமே ஹார்ட்டுன்னோ ஸ்பேடுன்னோ வந்தா அது இன்னும் பெருசு. நான் வச்ச அளவு நீயும் வச்சா, சீட்டைக் காட்டச் சொல்லலாம். பயமா இருந்தா கவுத்துட்டு ஒதுங்கிடு. ஆனா கையில ஒண்ணுமே இல்லாம எல்லாம் இருக்கற மாதிரி முகத்தை வச்சுக்கறே பாரு, அதுதான் வித்தை."

"சர்ச்சுல பாட்டு தெரியாம வாயசைப்பியே, அது மாதிரியா?"

வீரன் அன்னதோர் சொல் செவிப்படாதவன் போல் சீட்டைக் கலைத்தான்.

கடலலை எனப் பயறுகள் இப்புறமும் அப்புறமும் பாய்ந்து, கடைசியில் சரிபாதியாய் நின்றன. அவ்வேளை ஹார்லன் கையில் ஓரினத்துச் சீட்டு நான்கு சேர்ந்தன. ஐந்தாவதை வேண்டி ஒன்றை மாற்றினான். வந்ததோ வேற்றினத்து அற்பம். அணி சிதைய, சேனையிழந்த ராஜா ஒருவனே எஞ்சினான். ஆயினும் களிறு போல் நிமிர்ந்து தன் பயறு அத்தனையும் நடுவே தள்ளினான்.

லோரெட்டாவிடம் இருந்தவை இரண்டு நான்குகள்.

"ஒண்ணுமில்லாததை ஜோடி அடிக்கும்னுதானே சொன்னே?"

"சொன்னேன். ஆனா பூராத்தையும் வச்சிருக்கேன், யோசிச்சுக்கோ."

கூர்ந்து நோக்கினாள். பக்தி ததும்பும் விழிகள். ஓசையின்றி அசையும் உதடுகள்.

"அட, அதே மூஞ்சி!" என்று தன் இருபது பயறையும் தள்ளினாள். "காட்டு."

இருபதாண்டு மணிமுடி மண்ணில் உருள, திசையானைகள் பிளிற, தேவர் மலர்மாரி பொழிய, தலைவன் தன் தனியனாம் ராஜாவை மெல்லத் திருப்பி வைத்தான்.

வியாழக்கிழமை வண்டியை லோரெட்டாதான் ஓட்டினாள்.